கூரை முடிச்சு

தென்னேரிப் பக்கமிருந்து வரும் பெண்கள் 'அடி இறங்குது' என்று எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டார்கள். இடுப்பு வலியில் தொடங்குவார்கள். கூட வந்த மகன் வெளியே போனதும் குரல் தாழும். அப்படி வந்த ஒரு அம்மா எட்டு வருடமாகப் பழைய சேலையைச் சுருட்டி உள்ளே வைத்துக் கட்டிக்கொண்டு தறியில் உட்கார்ந்திருக்கிறார்.

"பையை எடுத்துடுங்க டாக்டரம்மா. புள்ள பெத்தாச்சு, இனி எதுக்கு?"

கர்ப்பப்பை மேல் குற்றமில்லை. அதைத் தாங்கும் தசைநார்கள் தளர்ந்ததால் இறங்குகிறது. அவருக்கு வளையம் வைத்துப் பார்த்தோம், நிற்கவில்லை. பிறகுதான் அறுவை.

முதுகில் மயக்க ஊசி. வயிற்றைக் கிழிப்பதில்லை, பிறப்புறுப்பு வழியாகவே வேலை. சிறுநீர்ப்பையை விரலால் மேலே ஒதுக்க வேண்டும். சிறுநீர்க்குழாய் நம் இடுக்கிக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டரில் ஓடும். பிடி, வெட்டு, கட்டு என்று படிப்படியாக ஏறினால் பை கைக்கு வந்துவிடும். பயிற்சி மருத்துவர்கள் அப்போது பெருமூச்சு விடுவார்கள். எனக்குக் கவலை அங்கேதான் ஆரம்பம். பின்பக்கத் தசைநார்கள் இரண்டையும் தேடிப் பிடித்து, யோனியின் கூரையாகிய மேல்முனையை அவற்றோடு சேர்த்துக் கட்ட வேண்டும். மெக்கால் என்ற மருத்துவர் 1957இல் எழுதிய தையல் இது. நான் தொழிலுக்கு வந்த புதிதில் அவசரத்தில் இதை அரைகுறையாகப் போட்டேன். நான்கு வருடம் கழித்து அந்தப் பெண் திரும்பி வந்தார். பை இல்லை, இறக்கம் மட்டும் இருந்தது. தையலை நெசவோடு ஒப்பிடுகிறவர்கள் உண்டு. தறியில் அறுந்த இழையை அன்றே பார்த்து முடிந்துவிடலாம், இதில் முடியாது.

தேவையில்லாமல் பையை எடுப்பதை எதிர்த்து மருத்துவர் நரேந்திர குப்தா 2013இல் உச்ச நீதிமன்றம் போனார். பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் அப்படிப் பை எடுக்கப்பட்ட பெண்களின் வழக்கு அது. 2023இல் தீர்ப்பு வந்தது. 'இனி எதுக்கு?' என்று கேட்பவர்கள் நம் ஊரிலும் இருப்பதால் நான் அதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அந்த அம்மாவை வீட்டுக்கு அனுப்பும் நாளில், "மூணு மாசம் குடம் தூக்கக் கூடாது" என்றேன்.

"தறி மிதிக்கலாமா?"

என் பாடப்புத்தகத்தில் தறி இல்லை. மிதித்துக் காட்டச் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து தரையில் மாற்றி மாற்றி அழுத்தினார். அடிவயிற்றில் கை வைத்து எவ்வளவு இறுகுகிறது என்று பார்த்தேன்.

"ஆறு வாரம் போகட்டும்."

"தீபாவளிச் சேலை பாதியில நிக்குதே" என்றார்.