நியூயார்க் நாட்கள் – 7: மைக் இல்லாத கூட்டம்

வால் ஸ்ட்ரீட்டுக்குள் அன்று சுலபமாக நுழைய முடியவில்லை. முனையிலேயே போலீசார் இரும்புத் தடுப்புகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். சற்றுத் தள்ளி நிற்கும் வெண்கலக் காளையைச் சுற்றியும் தடுப்பு, காவல்! ‘வால் ஸ்ட்ரீட்டை ஆக்கிரமிப்போம்’ என்று கிளம்பிய போராட்டக் கூட்டமோ பிராட்வேயில் கொஞ்சம் வடக்கே, சுக்கோட்டி பூங்காவில் இருந்தது.

பூங்கா என்றுதான் பெயர். கருங்கல் தளம், கொஞ்சம் மரங்கள், அவ்வளவுதான். 2011 செப்டம்பர் 17 அன்று வந்தவர்கள் அக்டோபர் நடுவிலும் அங்கேயே கிடந்ததற்குக் காரணம் ஒரு விதி. இடம் தனியாருக்குச் சொந்தம். கட்டடத்தை உயரமாகக் கட்டிக்கொள்ளக் கிடைத்த அனுமதிக்கு ஈடாக, மக்களுக்கு 24 மணி நேரமும் திறந்துவிட வேண்டும். மாநகராட்சிப் பூங்கா என்றால் இரவில் மூடிவிடுவார்கள். பணக்காரர்களை எதிர்த்த கூட்டத்துக்கு, பெரிய கம்பெனி ஒன்றின் இடம்தான் புகலிடம்.

உள்ளே தூக்கப் பைகள், நீலத் தார்ப்பாய்கள், நடுவில் இலவசச் சாப்பாடு, ஓர் ஓரத்தில் நூலகம். மேற்குக் கோடியில் டிரம் சத்தம் காதைப் பிளந்தது. ‘நாங்கள் 99 சதவீதம்’ என்ற அட்டைகள் எங்கும்; மீதி ஒரு சதவீதம் பெரும் பணக்காரர்களாம். பட்டம் வாங்கியும் வேலையில்லை, கல்விக் கடன் மட்டும் இருக்கிறது என்று எழுதிப் பிடித்திருந்த பெண்ணைச் சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்தார்கள். நானும்தான்.

மாலை ஏழு மணிக்குப் பொதுச்சபை. போலீஸ் அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. அதனால் ஒருவர் “மைக் செக்!” என்று கத்த, எல்லோரும் “மைக் செக்!” என்று திருப்பிக் கத்தினார்கள். பிறகு அவர் நாலு வார்த்தை சொல்லி நிறுத்த, அருகில் இருப்பவர்கள் அதையே உரக்கச் சொல்ல, அதைக் கேட்டுப் பின்வரிசை இன்னொரு முறை சொல்லியது. மேடையில் வீற்றிருப்போர் பெயரை அடைமொழியோடு அடுக்கும் நம்மூர்ப் பேச்சாளரை இங்கே விட்டால், விளித்து முடிக்கவே விடிந்துவிடும்.

அன்றைய விவகாரம், டிரம் அடிக்கும் நேரத்தைக் குறைப்பது. அக்கம்பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் தூங்க முடியவில்லையாம். குறைக்கவே கூடாது என்றார் ஓர் இளைஞர். எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அவர் சொன்னதை என் தொண்டையாலேயே கத்திவிட்டு, பிறகுதான் விரல்களைக் கீழ்நோக்கி ஆட்டி மறுப்புத் தெரிவித்தேன். எதிராளியின் பேச்சை முழுக்கச் சுமந்த பிறகே மறுக்க முடிகிற கூட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. கோரிக்கை என்னவென்றே தெளிவில்லை என்று பத்திரிகைகள் குறைபட்டன. அதில் பாதி நியாயம் உண்டு. ஆனால் இப்படிப் பேசிப் பழகுவதுதான் அவர்களுடைய முதல் வேலை என்று எனக்குப் பட்டது.

ஒன்பது மணிக்கும் டிரம் விவகாரம் தீரவில்லை. பசி தாங்காமல் தள்ளுவண்டியில் கோழிச் சோறு வாங்கிக்கொண்டு, ஸ்டேட்டன் தீவுக்குப் போகும் இலவசப் படகைப் பிடிக்க தெற்கே நடந்தேன். படகுக் கதை அடுத்த வாரம்.