வேடந்தாங்கலும் சட்டைப் பைக் கண்ணாடியும்

வேடந்தாங்கலுக்குப் பட்சிகளைப் பார்க்கப் போகிறவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். வெறுங் கண்ணோடு போய், "ஏரி நிறையக் கொக்கு இருக்கிறது" என்று சொல்லித் திரும்புகிறவர்கள் ஒரு வகை. பீரங்கி போன்ற பைனாகுலர் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய், பட்சிகளைக் காட்டிலும் கழுத்து வலியைப் பற்றியே அதிகமாகப் பேசுகிறவர்கள் இரண்டாவது வகை. கைக்கு அடக்கமான சிறு கண்ணாடியுடன் கரையில் ஓரிடத்தில் அமைதியாக நின்று, எந்தக் கூட்டில் எத்தனை குஞ்சு என்று எண்ணிச் சொல்கிறவர்கள் மூன்றாவது வகை. நேயர்கள் இந்த மூன்றாவது வகையில் சேர வேண்டும் என்பது நம் ஆசை. அதற்கு எந்தக் கண்ணாடி தகும் என்பதை அந்த ஏரிக்கரையில் நின்றே ஆலோசிப்போம்.

சென்னையிலிருந்து திருச்சி நெடுஞ்சாலையில் செங்கற்பட்டைத் தாண்டிச் சென்று, படாளம் கூட்டு ரோட்டில் திரும்ப வேண்டும். சென்னைக்கும் வேடந்தாங்கலுக்கும் சுமார் 80 கிலோமீட்டர் தூரம். ஏரி பிரமாதமான பரப்புடையதல்ல. ஏறக்குறைய 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது நிரம்பியதும், நீர்க்கடம்பும் கருவேலமும் தண்ணீருக்குள் நிற்கும் தோப்புக்களாகிவிடுகின்றன. அந்த மரங்களின் மேல் ஆயிரக்கணக்கான பட்சிகள் கூடு கட்டிக் குடித்தனம் நடத்துகின்றன. கார்த்திகை முதல் மாசி வரையில் பார்ப்பதற்கு நல்ல காலம்.

'வேடன் தங்கல்' என்பதே மருவி வேடந்தாங்கல் ஆயிற்று என்பார்கள். பெயரில் வேடன் இருந்தாலும், ஊர் பட்சிகளுக்குப் புகலிடமாகவே இருந்து வந்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சிலர் இங்கே பட்சிகளைச் சுட்டார்கள். ஊரார் அதைப் பொறுத்துக்கொண்டு வாளாவிருக்கவில்லை. கலெக்டரிடம் சென்று முறையிட்டு, பட்சிகளைக் காக்கும் உரிமையை எழுத்து மூலமாகக் கேட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவ்விதமே உத்தரவு வழங்கினார். 1858-ல் அந்த உத்தரவு புதுப்பிக்கப்பட்டது. 1936-ல் சர்க்கார் இதைப் பட்சிகளின் சரணாலயமாக அங்கீகரித்தது. 2022-ல் உலகத்து முக்கிய நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலிலும் இடம் கிடைத்தது. இவ்வளவுக்கும் அடிப்படை, ஏரித் தண்ணீரில் பட்சிகளின் எச்சம் கலந்தால் வயலுக்கு வேறு உரம் வேண்டாம் என்று கண்டுகொண்ட குடியானவர்களின் நல்லறிவுதான்.

இனிக் கண்ணாடி விஷயத்துக்கு வருவோம். கூடு கட்டியிருக்கும் நாரையை மனிதன் நெருங்கினால் என்ன நேரும்? தாய் எழுந்து பறந்துவிடும். வெயில் உச்சிக்கு ஏறும்போது, தாய்ப் பறவை சிறகை விரித்துக் குடை பிடிப்பதுபோல் நின்று குஞ்சுகளைக் காக்கிறது. அந்தக் குடை சற்று நேரம் அகன்றாலும் குஞ்சுகள் வாடிவிடும். காக்கைகள் முட்டையைக் கொத்திச் செல்லவும் அதுவே சமயம். ஆகவே இங்கே நாம் கரையிலும் பார்வைக் கோபுரத்திலுமே நின்றாக வேண்டும். கூடுகளோ நூறு, இருநூறு மீட்டருக்கு அப்பால் இருக்கின்றன. பட்சிக்குத் தொந்தரவில்லாமல் நம் ஆவலும் தீர வேண்டுமானால், அதற்கு ஒரே சாதனம் பைனாகுலர்.

ஆனால் எந்தப் பைனாகுலர்? கடைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர், "எத்தனை மடங்கு பெரிதாக்கும்?" என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். என்னுடன் ஒரு தை மாதத்தில் வேடந்தாங்கலுக்கு வந்த நண்பரும் அப்படித்தான் 20 மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி ஒன்றை வாங்கி வந்திருந்தார். அவருடைய பன்னிரண்டு வயதுப் பையன் கையில் 8 மடங்குச் சிறு கண்ணாடி ஒன்று இருந்தது.

"அப்பா! கடம்ப மரத்துக் கூட்டில் மூன்று குஞ்சு! அம்மா நாரை வாயில் மீன் கொண்டுவந்திருக்கிறது!" என்றான் பையன்.

"எந்த மரமடா? எனக்கு எல்லா மரமும் பேயாட்டம் ஆடுகிறதே!" என்றார் நண்பர்.

மரம் ஆடவில்லை, அவருடைய கைதான் ஆடிற்று. மனிதனுடைய கை எப்போதும் சிறிது நடுங்கிக்கொண்டே இருக்கிறது. கண்ணாடி காட்சியை 20 மடங்கு பெரிதாக்கும்போது அந்த நடுக்கத்தையும் 20 மடங்கு பெரிதாக்கிவிடுகிறது. முக்காலி இல்லாமல் அத்தகைய கண்ணாடியால் பிரயோஜனமில்லை.

இதில் ஒரு சுலபமான கணக்கு உண்டு. 200 மீட்டர் தூரத்திலுள்ள பட்சியை 8 மடங்குக் கண்ணாடியில் பார்த்தால், 25 மீட்டரில் நிற்பதுபோல் தெரியும். 10 மடங்குக் கண்ணாடியில் 20 மீட்டரில் நிற்பதுபோல் தெரியும். வித்தியாசம் ஐந்தே மீட்டர்! அந்த ஐந்து மீட்டருக்காக அதிக நடுக்கத்தையும், பொதுவாகக் குறுகலான காட்சியையும் ஏற்க வேண்டியிருக்கிறது. காட்சி குறுகினால், பறக்கும் பட்சியைக் கண்ணாடிக்குள் பிடிப்பதே பெரும்பாடு. ஆகையால் பிரயாணத்துக்கும் பட்சி பார்ப்பதற்கும் 8 மடங்கே உத்தமம் என்பது நம் அபிப்பிராயம்.

கண்ணாடியின் மேல் 8×25, 8×32, 8×42 என்று பொறித்திருப்பார்கள். முதல் எண் எத்தனை மடங்கு என்பது. இரண்டாவது எண் முன்புற வில்லையின் குறுக்களவு, மில்லிமீட்டரில். இந்த இரண்டாவது எண்ணே வெளிச்சத்தைத் தீர்மானிக்கிறது. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×25-ல் அது மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல், 8×32-ல் நான்கு, 8×42-ல் ஐந்துக்குச் சற்று மேல், 10×25-ல் இரண்டரைதான்.

நம் கண்மணி நல்ல பகலில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கியிருக்கும். எனவே பகலில் 8×25-க்குக் குறையொன்றும் தெரியாது. 300 கிராம் சுமாருள்ள அந்தச் சின்னக் கண்ணாடியை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காலை ஒன்பது மணிக்குக் கரையில் நடந்து பாருங்கள். மஞ்சள் மூக்கு நாரையின் வால் பக்கத்தில் ஒளிந்திருக்கும் ரோஜா வர்ணச் சிறகுகள் தெரியும். நத்தைகுத்தி நாரையின் அலகுகள் நடுவில் ஒட்டாமல் இடைவெளி விட்டிருப்பது தெரியும். கரண்டிவாயன் தன் சட்டுவ மூக்கால் தண்ணீரை இப்படியும் அப்படியும் துழாவுவதும், பாம்புத்தாரா கழுத்தை மட்டும் நீட்டி நீந்துவதும், கூழைக்கடாவின் மோவாய்ப் பையும் தெளிவாகத் தெரியும்.

ஆனால் வேடந்தாங்கலின் வைபவம் மாலையில் அல்லவா? சூரியன் சாயும்போது, வயல்வெளிகளுக்கு இரை தேடப் போன பட்சிகள் வரிசை வரிசையாகத் திரும்புகின்றன. வானமே இறங்கி மரத்தில் உட்காருவதுபோல் இருக்கும். பகலெல்லாம் தூங்கிய வக்காக்கள் அப்போதுதான் கண் விழித்து வெளியே கிளம்புகின்றன. அந்த மங்கல் வெளிச்சத்தில் நம் கண்மணி ஐந்து மில்லிமீட்டரும் அதற்கு மேலும் விரிகிறது. ஆனால் 8×25 மூன்று மில்லிமீட்டர் கற்றையைத்தான் கொடுக்கும்; காட்சி சாம்பல் பூத்துவிடும். அதே நேரத்தில் 8×32 ஒன்றரைப் பங்குக்கும் அதிகமான ஒளியைக் கொண்டுவருவதால், வக்காவின் சிவந்த கண் இன்னும் சிறிது நேரம் நமக்குக் கிட்டும். எடை 500 கிராம் சுமார். தோளில் தொங்குவது தெரியாது. 8×42 இன்னும் பிரகாசமானதுதான். ஆனால் 700 கிராம் கனம் பிரயாணிக்குப் பாரம். மேலும் வயதாக ஆகக் கண்மணி விரியும் சக்தி குறைகிறது. ஆகவே பெரியவர்களுக்குப் பெரிய கண்ணாடியால் லாபம் குறைவு. பிரயாணப் பெட்டியில் இடமில்லாதவர்களுக்கு 8×25. பட்சி பார்ப்பதே நோக்கமானவர்களுக்கு 8×32. இது நமது தீர்ப்பு.

கடையில் சில பரீட்சைகள் செய்யலாம். கண்ணாடியைக் கை நீளத்தில், வெளிச்சமான ஆகாயத்தை நோக்கிப் பிடியுங்கள். ஆனால் சூரியன் பக்கம் ஒருபோதும் திருப்பக் கூடாது. கண் பக்கத்து வில்லைகளில் தெரியும் ஒளி வட்டங்கள் முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் சதுரித்திருந்தால் உள்ளேயுள்ள பட்டகம் மட்டரகம். தூரத்துக் கம்பம் ஒன்றைப் பாருங்கள். அது இரண்டாகத் தெரிந்தாலும், சற்று நேரத்தில் தலை கனத்தாலும் அந்தக் கண்ணாடி வேண்டாம். மூக்குக் கண்ணாடி அணிகிறவர்கள், அதைக் கழற்றாமலே முழு வட்டமும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணுக்கும் வில்லைக்கும் 15 மில்லிமீட்டராவது இடைவெளி தரும் கண்ணாடியே அவர்களுக்குச் சௌகரியம். வீட்டில் பல பேர் உபயோகிப்பதானால், சிறுவர்களின் குறுகிய முகத்துக்கும் குழல்கள் நெருங்கி வருகின்றனவா என்று மடக்கிப் பார்த்துவிடுங்கள்.

நம் ஊர் மழைக்காலத்தில் வில்லைக்குள் பூசணம் பிடிப்பது சகஜம். நீர் புகாமல் அடைத்து, உள்ளே நைட்ரஜன் வாயு நிரப்பிய கண்ணாடிக்கு அந்தப் பயம் மிகவும் குறைவு. சிறிது அதிக விலை கொடுத்தாலும் தகும். வில்லையில் தூசி படிந்தால் முதலில் ஊதிவிட்டுப் பிறகே மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். வேஷ்டி முனையால் அழுத்தித் தேய்ப்பது, வில்லைக்கு உப்புத்தாள் போடுவதற்குச் சமானம்.

பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. வலக் கண்ணை மூடிக்கொண்டு நடுச் சக்கரத்தால் இடக் கண்ணுக்குத் தெளிவு செய்யுங்கள். பிறகு இடக் கண்ணை மூடி, வலப்பக்க வளையத்தைத் திருப்பித் தெளிவு செய்யுங்கள். இதை ஒரு முறை செய்தால் போதும். அப்புறம் சக்கரம் மட்டுமே. பட்சியின் மேல் வைத்த பார்வையை எடுக்காமல் கண்ணாடியை மட்டும் முகத்துக்கு உயர்த்தினால், பட்சி தானே உள்ளே வந்து நிற்கும்.

ஏரிக்கரையில் உரக்கப் பேசாமலும், கை தட்டிப் பட்சிகளைக் கிளப்பிப் படம் பிடிக்காமலும் இருப்பது பார்க்கிறவர்களின் பொறுப்பு. துப்பாக்கி வைத்திருந்தவர்களையே தடுத்து நிறுத்திய ஊர் அது. இருநூறு வருஷங்களுக்கு மேலாக அந்தக் கிராமத்தார் காத்துக் கொடுத்த செல்வத்தை நாம் தூர நின்று கண்ணாரக் காண, கைக்கு அடக்கமான நல்ல கண்ணாடி ஒன்று போதும். மழை பெய்து ஏரி நிரம்பியிருக்கும் வருஷத்தில், குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு ஒரு முறை போய் வாருங்கள்.