இரவல் புத்தகம்

கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறேகால் மணி. பாலசமுத்திரம் பஸ் நிறுத்தம். டீக்கடையில் பாய்லர் கொதிக்கிறது. மலை இருக்கிற பக்கம் பனி மட்டும் இருக்கிறது.

பச்சைத் துப்பட்டா போட்ட பெண் ஒருத்தி சுவரோரம் நிற்கிறாள். இருபத்துநாலு வயதிருக்கும். தோளில் ஜவுளிக்கடைத் துணிப்பை. ஒரு பக்கத்துப் பிடி அறுந்து, வேறு நிற நூலில் தைக்கப்பட்டிருக்கிறது. பைக்கு வெளியே தலை நீட்டுகின்றன பரீட்சை அட்டை, தண்ணீர் பாட்டில், நாலாக மடித்த உரச்சாக்கு.

பஸ் வருகிற திசையைப் பார்க்கிறாள். பஸ் இல்லை. பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுக்கிறாள். காக்கி அட்டை. லேபிளில் கோணலான எழுத்து. ஆறாம் வகுப்பு, சமூக அறிவியல், இரண்டாம் பருவம். பெயர் ஒரு பையனுடையது.

உதடு அசைகிறது. சத்தம் இல்லை. பக்கத்தின் ஓரத்தில் பேனாவால் வரைந்த கிரிக்கெட் மட்டை. விரல் அதைச் சுற்றிக்கொண்டு அடுத்த வரிக்குப் போகிறது.

வேன் ஒன்று கடக்கிறது. உள்ளே கறுப்பு வேட்டி சாமிகள். பழனிக்குப் போய்விட்டுச் சபரிமலை போகிறவர்கள். சரணம் ஒலித்து, தேய்ந்து, நிற்கிறது. டீக்கடைக்காரர் கண்ணாடித் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்க்கிறார்.

நிறுத்தத்துக்கு இன்னொருவன் வருகிறான். நெற்றியில் விபூதி. கையில் நீளமான நோட்டு ஒன்றுதான். அவளைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டுகிறான். அவளும் ஆட்டுகிறாள். இருவருக்கும் நடுவே பத்தடி இடைவெளி. இருவரும் ஒரே சாலையைப் பார்க்கிறார்கள்.

பஸ் வருகிறது. முகப்பில் பிங்க் நிறம்.

கண்டக்டர் பையைப் பார்க்கிறார்.

"கிளாஸாம்மா?"

"ஆமாங்கண்ணா."

பெண்களுக்கான கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துத் தருகிறார். அதைப் புத்தகத்துக்குள் வைத்து மூடுகிறாள். விபூதிக்காரன் சட்டைப் பையில் சில்லறை தேடுகிறான். காசு கண்டக்டர் கைக்குப் போகிறது. எண்ணி வைத்திருந்த காசு. மீதி வரவில்லை.

பழனி. பஸ் மாறுகிறார்கள். மலைக்கோயில் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. இரண்டாவது பஸ்ஸில் உட்கார இடமில்லை. நிற்பவர்களில் பாதிப் பேர் கையில் பரீட்சை அட்டை.

ஆயக்குடியில் பஸ் பாதி காலியாகிறது.

சாலையோரம் கொய்யாக் கூடைகள். தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்தவை. இலையோடு இருக்கின்றன. இறங்கியவர்கள் வழி கேட்பதில்லை. முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்து நடக்கிறார்கள். முன்னால் போகிறவர் அவருக்கு முன்னால் போகிறவரைப் பார்த்து நடக்கிறார். வளாகம் வருகிறது. மரங்கள் வருகின்றன.

ஆயக்குடி மரத்தடி மையம். அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி தேர்வுக்கு இலவசப் பயிற்சி. வகுப்பறை இதுதான். கூரை கிளைகள். தரை மண்.

குழாயடியில் ஒருவன் முகம் கழுவுகிறான். கண் சிவந்திருக்கிறது. இரவு பஸ்ஸில் வந்தவன். துண்டு இல்லை, சட்டை நுனியால் துடைத்துக்கொள்கிறான். பக்கத்தில் இருவர் பல் துலக்குகிறார்கள். தேனியிலிருந்து வந்தவர்கள், திருப்பூரிலிருந்து வந்தவர்கள், கரூரிலிருந்து வந்தவர்கள். ஊரைச் சொல்லிக்கொள்கிறார்கள். பெயரைக் கேட்டுக்கொள்வதில்லை.

தரையில் விரிப்புகள் முளைக்கின்றன. உரச்சாக்கு, பழைய செய்தித்தாள், கிழிந்த பிளக்ஸ் பேனர், பாட்டியின் சேலை. பேனரில் யாரோ ஒரு மாப்பிள்ளை சிரிக்கிறார். அவர் தோளின் மேல் மூன்று பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கடைசி வரிசைக்குப் பின்னால், தாழ்ந்த கிளை ஒன்றில் தூளி தொங்குகிறது. குழந்தையின் ஒரு கால் வெளியே தெரிகிறது. தூளியிலிருந்து ஒரு கயிறு கீழே இறங்குகிறது. கயிற்றின் முனை ஒரு பெண்ணின் கால் கட்டைவிரலில் கட்டியிருக்கிறது. அவள் மடியில் அட்டை. கை எழுதுகிறது. கால் ஆட்டுகிறது.

மைக் இரைகிறது. நிற்கிறது. மறுபடி இரைகிறது.

கரும்பலகைக்கு முன் நிற்பவருக்கு முப்பது வயதிருக்கும். சட்டைப் பையில் நீலம், பச்சை, கறுப்பு என மூன்று பேனா. கிராம நிர்வாக அலுவலர். வேலை நாளில் பட்டா, சிட்டா, அடங்கல். ஞாயிற்றுக்கிழமை இங்கே. பைக்கை நிறுத்திவிட்டு வருகையில் ஒரு மரத்தைத் தொட்டுவிட்டு வந்தார். பட்டையின் அந்த இடம் வழவழப்பாக இருக்கிறது.

பலகையில் ஓர் எண் எழுதுகிறார். 54.

"இருநூறு கேள்வி. மூணு மணி நேரம். ஒரு கேள்விக்கு எவ்வளவு?"

"அம்பத்தி நாலு செகண்டுங்க சார்."

"தூங்கறவங்களுக்கு?"

சிரிப்பு எழுந்து அடங்குகிறது. இரவு பஸ்காரன் நிமிர்ந்து உட்காருகிறான்.

முதலில் தமிழ். குரூப் ஃபோர் தேர்வில் நூறு கேள்வி தமிழ். அதில் 40 விழுக்காடு எடுக்காதவரின் மறுபாதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். பலகையில் ஒரு சொல். செந்நெல். பிரித்து எழுதவேண்டும்.

"செம்மை கூட்டல் நெல்."

நூற்றுக்கணக்கான வாய்கள் ஒரே நேரத்தில் சொல்கின்றன. தூளியிலிருந்த கால் உள்ளே போகிறது.

அடுத்து கணக்கு. சுண்ணாம்புக் கட்டி இரண்டு வரி எழுதுகிறது. 2024, ஜூன் 9 தேர்வு: அறிவித்த இடம் 6,244. விண்ணப்பம் 20 லட்சத்துக்கு மேல். 2025, ஜூலை 12 தேர்வு: அறிவித்த இடம் 3,935. விண்ணப்பம் 13 லட்சத்துக்கு மேல்.

"விகிதம் போடுங்க."

பேனாக்கள் குனிகின்றன. முதல் வரிசையில் ஒருவன் கை தூக்குகிறான்.

"முதல் வருசம் ஓர் இடத்துக்கு முந்நூத்தி இருபது பேருங்க சார். அடுத்தது முந்நூத்தி முப்பது."

"சரி."

யாரும் பேசவில்லை. ஓர் இலை விழுகிறது. பச்சைத் துப்பட்டா அதைச் சாக்கிலிருந்து எடுத்து ஓரமாக வைக்கிறாள். அவர் பலகையைத் துடைக்கிறார். முதலில் கையால். பிறகு துணியால். எண் போகிறது. தடம் இருக்கிறது. அதன் மேலேயே அடுத்த கணக்கை எழுதுகிறார். ஒரு வேலையை ஒருவர் 12 நாளிலும் மற்றவர் 24 நாளிலும் முடிப்பார், இருவரும் சேர்ந்தால்?

"எட்டு நாள்."

இந்த விடைக்குக் குரல் அதிகம்.

பத்தரை மணி. வெயில் கிளைக்குள் இறங்குகிறது. மேற்கு ஓரத்து வரிசையில் நாலு பேர் முகத்தைச் சுளிக்கிறார்கள். ஒருவர் எழுந்து, சாக்கைத் தட்டி, இரண்டடி கிழக்கே போட்டுக்கொள்கிறார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். யாரும் சொல்லாமல் மொத்த வரிசையும் நகர்கிறது. நிழலுக்குள் இருந்தவர்கள் முழங்காலை மடக்கி இடம் விடுகிறார்கள். ஒருவர் மடக்கினால் இருவர் உட்காரலாம். மைக் நிற்கவில்லை. பாடமும் நிற்கவில்லை. மதியத்துக்குள் இது மூன்று முறை நடக்கிறது.

மாதிரித் தேர்வு. நகலெடுத்த தாள்கள் கைமாறிக் கைமாறிப் பின்வரிசைக்குப் போகின்றன. மைக் அணைகிறது. இப்போது காக்கை மட்டும் கேட்கிறது. தாள் புரள்வது கேட்கிறது.

ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து வட்டம். நாலு விடை. ஐந்தாவது வட்டத்துக்கு எதிரே 'விடை தெரியவில்லை'. தெரியாவிட்டால் அதைக் கறுப்பாக்கவேண்டும். காலியாக விடக்கூடாது. விபூதிக்காரன் ஒரு கேள்வியில் நிற்கிறான். பேனா இரண்டாவது வட்டத்துக்கு மேல் வருகிறது. மூன்றாவதுக்கு நகர்கிறது. திரும்புகிறது. கடைசியில் ஐந்தாவதில் இறங்குகிறது. அதை முழுவதும், ஓரம் விடாமல், வெளியே கசியாமல் நிரப்புகிறான். மற்ற எந்த வட்டத்தையும் இவ்வளவு அழகாக நிரப்பவில்லை.

பச்சைத் துப்பட்டாவின் பேனா ஓர் இடத்தில் சட்டென்று நிற்கிறது. நெல் வைக்கப்பட்டிருந்த நான்கு கால் ஜாடி கிடைத்த அகழாய்வு இடம் எது? ஆதிச்சநல்லூர். கொடுமணல். பொருந்தல். பையம்பள்ளி.

தலையைத் தூக்குகிறாள். யாரையோ தேடுகிறாள். மூன்று வரிசை தள்ளி விபூதிக்காரனும் தலையைத் தூக்கியிருக்கிறான். இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள். உடனே குனிகிறார்கள். வட்டம் கறுக்கிறது.

விடை சொல்கிற நேரம். மைக் மறுபடி இரைகிறது.

"பொருந்தல். யார் யாருக்குத் தெரியும்?"

கைகள்.

"எங்கிருக்கு?"

"எங்க ஊருக்கு அந்தாண்டதாங்க சார்." பச்சைத் துப்பட்டா. இன்று அவள் உரக்கப் பேசுவது இது முதல் தடவை. "பாலசமுத்திரத்தைத் தாண்டி. மலை அடிவாரம்."

எல்லாத் தலையும் திரும்புகிறது. அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொள்கிறாள்.

அவர் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைக்கிறார். குரல் தாழ்கிறது. 2009, 2010. புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன். ஈமக்குழி ஒன்றுக்குள் ஜாடி. ஜாடிக்குள் இரண்டு கிலோ நெல். கண்ணாடி மணிகள். பிரிமனையில் மூன்று தமிழ் பிராமி எழுத்து. நெல்லை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். வந்த காலம் கி.மு. 490. எழுத்தின் வயதும் அதோடு பின்னுக்குப் போனது.

யாரும் எழுதவில்லை. கேட்கிறார்கள்.

"ரெண்டு கிலோவா சார்?" கரூர்க்காரர் ஒருவர்.

"ரெண்டு கிலோ."

அதன்பிறகு எழுதுகிறார்கள்.

சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸ் மூடிகள் திறக்கின்றன. எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம், மறுபடி எலுமிச்சைச் சாதம். இரவு பஸ்காரன் தண்ணீர் குடித்துவிட்டுப் புத்தகத்தைத் திறக்கிறான். பக்கத்துச் சாக்கிலிருந்து ஒரு மூடி அவன் முன்னால் வருகிறது. மூடியில் சாதம். வைத்த கை திரும்பிப் போகிறது. அவன் நிமிர்வதற்குள் அந்தப் பக்கம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாசலில் ஒரு பாட்டி கொய்யாவை நாலாகக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவுகிறாள்.

தூளிக்காரி கயிற்றை அவிழ்க்கிறாள். கட்டைவிரலைச் சுற்றி வெள்ளையாக ஒரு தடம்.

இரண்டு மணிக்கு ஒரு பெண் வருகிறாள். பருத்திப் புடவை. கையில் ஸ்வீட் பாக்ஸ். கழுத்தில் அடையாள அட்டை, ஞாயிற்றுக்கிழமையிலும் கழற்றவில்லை. இளநிலை உதவியாளர். மைக்கைக் கொடுக்கிறார்கள். வாங்கிக்கொள்கிறாள். தரையில் இருக்கிற முகங்களைப் பார்க்கிறாள். முன்வரிசை, நடுவரிசை, கடைசி. வாய் திறக்கிறது. ஒன்றும் வரவில்லை. மைக்கை இடது கைக்கு மாற்றுகிறாள். வலது கையால் தூளி கட்டிய மரத்தின் பக்கம் காட்டுகிறாள்.

"அங்கதான்."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். கைதட்டல் நீள்கிறது. மூன்றரை மணிக்கு வரலாற்று வகுப்பு. எடுப்பவள் அவள்தான். இப்போது குரல் தடுமாறவில்லை. ஆண்டுகள் வரிசையாக வருகின்றன.

மாலை ஐந்தே முக்கால். பாலசமுத்திரம். மலை இப்போது முழுசாகத் தெரிகிறது. மேகம் இடுப்பில் நிற்கிறது.

ஓட்டு வீடு. திண்ணை. திண்ணைச் சுவரில் கறுப்புச் சாயம் பூசிய ஒரு சதுரம். அதற்கு மேலே வெளுத்த தாள் ஒன்று. 'இல்லம் தேடிக் கல்வி'. நான்கு மூலையில் ஒரு மூலை பிரிந்து ஆடுகிறது. கொரோனாவில் தொடக்கப்பள்ளிகள் பத்தொன்பது மாதம் மூடிக் கிடந்தன. 2021 அக்டோபர் 27இல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இந்தத் திட்டம் தொடங்கியது. தன்னார்வலருக்கு அப்போது மாதம் ஆயிரம் ரூபாய். அந்த வருடம் ஒட்டிய தாள். அப்போது இரண்டாம் வகுப்பில் இருந்த பையன் இந்தச் சதுரத்தைப் பார்த்துத்தான் எழுத்துக் கூட்டினான். இப்போது ஆறாம் வகுப்பு. சாயங்காலமானால் கால் இங்கே வந்துவிடுகிறது.

திண்ணையில் ஐந்து பிள்ளைகள். பச்சைத் துப்பட்டா செருப்பைக் கழற்றுகிறாள். பையை வைக்கிறாள். இன்னும் முகம் கழுவவில்லை.

"அக்கா, என் புத்தகம்?"

"காலைல தாரேன்டா. ராத்திரி ஒரு வாட்டி பாத்துட்டு."

"அரைப்பரீட்சை வருது."

"தெரியும். உக்காரு."

உட்காருகிறான். அவன் படித்த பக்கத்தை அவள் படிக்கவேண்டும். அவள் படித்ததை அவனுக்குச் சொல்லவேண்டும். குரூப் ஃபோர் கேள்வி ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்தே தொடங்குகிறது. வீட்டு அலமாரியில் அவளுடைய பழைய புத்தகங்கள் இருக்கின்றன. பாடத்திட்டம் மாறிவிட்டது.

"பொருந்தல் எங்கடா இருக்கு?"

"பழனிக்குத் தென்மேற்கே பன்னெண்டு கிலோமீட்டர்."

"அது பழனிக்காரங்க சொல்றது. இங்கிருந்து?"

பையன் யோசிக்கிறான். எழுந்து நிற்கிறான். கையை நீட்டி மலை அடிவாரத்தைக் காட்டுகிறான். மற்ற நால்வரும் விரல் போகிற வழியில் பார்க்கிறார்கள். தென்னந்தோப்பு. அதற்குப் பின்னால் இருட்டு.

அவள் கறுப்புச் சதுரத்தில் எழுதுகிறாள். செந்நெல்.

திங்கள் காலை எட்டு மணி. பையன் சீருடையில் வேலியோரம் நிற்கிறான். புத்தகம் வேலிக்கு மேலாகக் கைமாறுகிறது. இரண்டு பேருக்கும் நேரமில்லை. அவள் கையில் சாணி வாளி.

நிறுத்தத்தில் பஸ் வரவில்லை. பையன் புத்தகத்தை விரிக்கிறான். நடுவில் ஒரு சீட்டு. கட்டணமில்லாச் சீட்டு. அதை எடுத்து இரண்டு பக்கமும் பார்க்கிறான். பக்கத்தைப் பார்க்கிறான். அவனுடைய கிரிக்கெட் மட்டை. மட்டைக்குக் கீழே பென்சிலால் மெலிதாக ஒரு கோடு. பொருந்தல் என்ற சொல்லுக்கு அடியில்.

பஸ்ஸின் ஹாரன் கேட்கிறது. சீட்டை எடுத்த பக்கத்திலேயே வைத்து மூடுகிறான்.