விமானம் வாங்கிடலாம், வச்சிருக்கிறதுதான் செலவு

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

கும்பாபிஷேகப் பேச்சு ஆரம்பித்ததிலிருந்து நம்ம இளைஞர்கள் ஓர் ஆசையைச் சொல்லிக்கிட்டே இருக்காங்க. 2023 ஜனவரி 27-ல் பழனி கும்பாபிஷேகத்தில் ஹெலிகாப்டரிலிருந்து பூ தூவினாங்க இல்லையா, அதே மாதிரி பினாங்கிலும் செய்யணும்னு. "சொந்தமா விமானம், ஹெலிகாப்டர் வச்சிருக்கிற பெரிய மனுஷர் யாரையாவது கேட்டுப் பார்ப்போமே. எண்ணெய்க் காசு மட்டும்தானே ஆகும்?" என்றார் ஒரு தம்பி. நல்ல மனசோட கேட்ட கேள்வி. அதனால் விமானப் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவரிடம் போய் விசாரித்தோம்.

அவர் முதலில் சொன்னது இதுதான்: "எண்ணெய்தான்யா அதுல சின்னச் செலவு."

செஸ்னா 172 என்று நாலு பேர் உட்காரும் சின்ன விமானம் இருக்கிறது. 1956-லிருந்து உலகம் முழுக்க பறப்பது. அது மணிக்குச் சுமார் 30 முதல் 35 லிட்டர் எண்ணெய் குடிக்கும். கோடீஸ்வரர்கள் வைத்திருக்கும் பெரிய ஜெட் என்றால் மணிக்கு 1,500 லிட்டரைத் தாண்டும். நாமெல்லாம் இந்தக் கணக்கைத்தான் பார்க்கிறோம். ஆனா விமானம் பறக்காத நாளிலும் ஓடிக்கொண்டே இருக்கும் கணக்கு வேறு. நிறுத்தி வைக்க வாடகை, இன்சூரன்ஸ், வருஷத்துக்கு ஒருமுறை கட்டாயம் செய்ய வேண்டிய முழுப் பரிசோதனை, பைலட் வைத்திருந்தால் அவருக்குச் சம்பளம். கணக்குக்காக இதெல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு 60,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 100 மணி நேரம் பறந்தால் மணிக்கு 600 வெள்ளி விழும். 20 மணி நேரம்தான் பறந்தார் என்றால் மணிக்கு 3,000 வெள்ளி. எண்ணெய்க் காசு இதற்கு மேலே.

அடுத்தது எஞ்சின். அந்தச் சின்ன விமானங்களில் பரவலாக இருக்கும் லைகமிங் எஞ்சினை 2,000 மணி நேரம் ஓடினால் முழுசா பிரித்துப் புதுப்பிக்கணும் என்று செய்தவர்களே சொல்கிறார்கள். அவ்வளவு ஓடாவிட்டாலும் 12 வருஷத்தில் செய்யணும். சும்மா நிற்பதும் அதற்கு ஆகாது. உள்ளே ஈரம் படிந்து துரு பிடிக்கும். நம்ம ஊர் மாதிரி கடற்காற்று அடிக்கும் இடத்தில் இன்னும் சீக்கிரம். பழைய ஜெட் மலிவா கிடைக்குதே என்று வாங்குகிறவர்களும் இங்கேதான் மாட்டிக்கொள்வார்களாம். விமானத்தின் விலைதான் இறங்குமே தவிர, பராமரிப்பு பில் புது ஜெட்டுக்கு வருவது போலத்தான் வரும்.

2015 டிசம்பரில் நம்ம கே.எல்.ஐ.ஏ.வில் நடந்தது சிலருக்கு ஞாபகம் இருக்கும். மூன்று போயிங் 747 விமானங்கள் கேட்பாரற்று நின்றன. நிறுத்தக் கட்டணம் பாக்கி, 14 நாளுக்குள் எடுக்காவிட்டால் விற்றுவிடுவோம் என்று விமான நிலைய நிர்வாகம் உரிமையாளரைத் தேடிப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. அவ்வளவு பெரிய விமானமாக இருந்தாலும் சும்மா நிற்பதற்கும் காசு கட்டணும்.

அண்ணன் 12 வருஷம் என்று சொன்னதுமே எங்களுக்குச் சுருக்கென்றது. கருவறைக்கு மேலே இருக்கிறதே, அதற்கும் பேர் விமானம்தான். அதையும் 12 வருஷத்துக்கு ஒருமுறை திருப்பணி செய்து கும்பாபிஷேகம் பண்ணணும் என்று பெரியவர்கள் வைத்திருக்கிறார்கள். பினாங்கு மழைக்குச் சுதை வெடிக்கும். வெடித்த இடத்தில் பறவை போட்ட விதையிலிருந்து அரசங்கன்று முளைக்கும். சின்னதா இருக்கும்போதே பிடுங்கினால் ஒரு ஆள் அரை நாள் வேலை. விட்டுவிட்டால் வேர் உள்ளே போய்க் கோபுரத்தையே பிளக்கும்.

இங்கேதான் மனசு விட்டு ஒன்று சொல்லணும். புது வாகனம் வேணும் என்றால் உபயதாரர் ஒரே வாரத்தில் கிடைப்பார். பேர் பொறித்த கல் வைக்கலாம் என்றால் வரிசையில் நிற்பாங்க. மின்கட்டணம், பழைய வயரிங், அடைத்துப்போன சாக்கடை, சமையல்கட்டு கேஸ், மடைப்பள்ளி ஆளுக்குச் சம்பளம், இதற்கெல்லாம் உபயம் என்று யாரும் கேட்டு வருவதில்லை. கொடுக்கிறவங்களைக் குறை சொல்லலை. இந்தச் செலவுகள் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஆனா அழகான வாகனம் வந்து, வைக்க இடமில்லாமல், பாலிஷ் போடக் காசில்லாமல், துணி போர்த்தி மூலையில் நிற்பதைப் பார்க்கும்போது அந்த மூன்று 747-தான் எங்களுக்கு ஞாபகம் வருகிறது.

பறக்க ஆசைப்பட்ட ஒரு தமிழரைப் பற்றியும் சொல்லணும். காரைக்குடி பக்கம் கோட்டையூரில் 1909-ல் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார். இங்கிலாந்தில் குரோய்டனில் விமானம் ஓட்டக் கற்றவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தையே நடத்தினார். அது சில வருஷமே இருந்தது. ஆனா 1947-ல் அவர் காரைக்குடியில் தொடங்கிய கல்லூரி இன்றும் நிற்கிறது. மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலத்தோடு 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். இடத்தைக் கொடுத்ததோடு விடாமல் அது நடப்பதற்கும் வழி செய்தார், பாருங்க.

நம்ம ஊரிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. நகரத்தார் 1894-ல் கொண்டுவந்த வெள்ளி ரதம் இன்றும் தைப்பூசத்துக்கு ஓடுகிறது. அதற்குக் காரணம் 1894-ல் கொடுத்த காசு மட்டுமில்லீங்க. ஒவ்வொரு வருஷமும் வெள்ளியைத் துலக்கி, சக்கரத்தைப் பார்த்து, மாடுகளைக் கவனித்த பேர் தெரியாத கைகள்தான் 130 வருஷத்துக்கு மேல் அதை ஓட வைத்தன.

ஹெலிகாப்டர் பேச்சை இளைஞர்களே இப்போதைக்கு ஒத்தி வைத்துவிட்டார்கள். பூவைக் கோபுரத்தில் ஏறி நாங்களே தூவுகிறோம் என்கிறார்கள். விமானத்தில் முளைத்த கன்றுகளைப் பிடுங்கும் வேலையையும் மாசத்துக்கு ஒரு ஞாயிறு செய்வதாகப் பொறுப்பு எடுத்திருக்கிறார்கள்.

உங்களிடம் ரெண்டு வேண்டுகோள். கோயிலுக்குப் பொருளாக எதைக் கொடுத்தாலும், வருஷா வருஷம் அதைப் பராமரிக்க எவ்வளவு ஆகும் என்று அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்க. முடிந்தால் அதற்கும் சேர்த்துக் கொடுங்க. பெரிய உபயம் முடியாதவங்க மாசம் பத்து வெள்ளி பராமரிப்புக்கென்று சொல்லி ரசீது வாங்குங்க. கல்லில் பேர் வராது. ஆனா சாமி முன்னால் எரியும் விளக்கில் உங்க பங்கும் இருக்கும்.

முருகனுக்கு அரோகரா.