ஏழு நாள் பொறுத்த ஆசாரியன்

தியானப் பகுதி: லேவியராகமம் 14:33–48



லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தை நம்மில் பலர் வேகமாகக் கடந்துபோகிறோம். வீட்டுச் சுவரில் தோன்றும் தோஷத்தைப் பற்றிய சட்டம் நமக்கு எதற்கு என்று எண்ணுகிறோம். ஆயினும் அங்கே ஆசாரியன் நடந்துகொள்ளும் விதத்தைச் சற்றே கவனியுங்கள். வீட்டுக்காரன் வந்து, தன் வீட்டில் தோஷம் இருப்பதுபோல் தனக்குத் தோன்றுகிறது என்று மட்டுமே சொல்கிறான். ஆசாரியன் தான் உள்ளே போகுமுன் வீட்டிலுள்ள பொருள்களை வெளியே வைக்கச் சொல்கிறான். ஒரு குடும்பத்தின் தட்டுமுட்டுகள் அநாவசியமாகத் தீட்டாகிவிடக் கூடாது. பின்பு சுவரைப் பார்க்கிறான். பச்சையாகவோ சிவப்பாகவோ குழிவிழுந்து காணப்பட்டால், வீட்டை ஏழு நாள் அடைத்துவைத்து, ஏழாம் நாளில் திரும்ப வந்து பார்க்கிறான். தோஷம் பரவியிருந்தால் அந்தக் கற்களை மட்டும் பெயர்த்து, வேறு கல் வைத்து, வேறு சாந்து பூசச் சொல்கிறான். அதற்குப் பின்னும் தோஷம் திரும்பினால்தான் வீடு இடிக்கப்படும். திரும்பாவிட்டால் வீடு சுத்தம் என்று அவனே அறிவிக்கிறான்.

இடிப்பது கடைசி முடிவு. அதற்கு முன்னே பார்ப்பதும், பொறுப்பதும், மறுபடி பார்ப்பதும், பழுதான பாகத்தை மட்டும் மாற்றுவதும் கட்டளையாகவே கொடுக்கப்பட்டிருக்கின்றன. இந்த ஒழுங்கின் அருமையை, சென்ற கோடையில் ஒரு லோடு வண்டியின் அருகே நின்றபோது நான் கண்ணாரக் கண்டேன்.

நம் பகுதியின் சாலையை நீங்கள் அறிவீர்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இந்த ஒரு மணி நேரப் பயணத்தில் வண்டி முந்நூறு மீட்டருக்கும் மேலாக உயரம் ஏறுகிறது. சித்திரை வெயிலில், சூளகிரி ஏற்றத்தில், பாரத்தோடு ஏறும் எஞ்சினின் உஷ்ணத்தைத் தாங்குவது ரேடியேட்டரும் அதில் ஓடும் கூலண்டும்தான். நம் சபையைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் ராயக்கோட்டையிலிருந்து தக்காளியும், ஓசூரைச் சுற்றிய தோட்டங்களிலிருந்து ரோஜாவும் ஏற்றிப் பெங்களூருக்குக் கொண்டுபோகிறவர். மக்கள் 'குட்டி யானை' என்று அழைக்கும் சிறிய சரக்கு வண்டி அவருடையது. சில நாட்களாகக் கூலண்ட் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் ஏற்றத்தில் உஷ்ணம் காட்டும் முள் மேலே போனது. நல்ல வேளையாக உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிட்டார்.

அவர் வண்டியைக் கொண்டுபோய் விட்ட பட்டறையில், ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்ப வேண்டும், பாதி எஞ்சின் வேலை இருக்கிறது என்று கூறி, 68,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்தார்கள். அன்று மாலை அவர் என்னிடம் வந்தார். "ஐயா, ஜெபம் பண்ணுங்க. வீட்டுல இருக்கிற கொஞ்ச நகையையும் அடகு வைக்கப் போறேன். மாசத் தவணை வேற கட்டணும்" என்றார். இருவரும் ஜெபித்தோம். பின்பு நான் ஒரு கேள்வி கேட்டேன்: "எந்தச் சோதனையில இது தெரிஞ்சதுன்னு சொன்னாங்களா, தம்பி?" அவர் யோசித்துப் பார்த்தார். "ஒண்ணும் சோதிச்ச மாதிரி தெரியலைங்க ஐயா. பார்த்ததும் சொல்லிட்டாங்க" என்றார்.

மறுநாள் காலை, நீண்ட காலம் லாரி எஞ்சின்களோடு பழகிய பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் முதலில் எஞ்சின் முழுவதும் ஆறட்டும் என்றார். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும் என்பதை எல்லா ஓட்டுநரும் அறிவர். அதன் காரணத்தையும் அவர் விளக்கினார். தண்ணீர் கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும். ஓசூரின் உயரத்தில் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரின் மூடி உள்ளே அழுத்தத்தைக் காத்துவைப்பதால்தான் ஏறத்தாழ 120 டிகிரி வரை அது கொதிக்காமல் நிற்கிறது. அந்த மூடியின் ரப்பர் கெட்டாலே கூலண்ட் குறையும். ஆகவே அவர் முதலில் சோதித்தது விலை மலிவான அந்த மூடியைத்தான். அது நன்றாக இருந்தது.

அடுத்து, ரேடியேட்டரின் வாயில் ஒரு கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் குறித்திருந்த அளவுக்குக் காற்றழுத்தம் ஏற்றி, பேசாமல் நின்றார். கால் மணி நேரத்துக்குள் அளவுமானியின் முள் மெல்ல இறங்கியது. கசிவு இருப்பது உறுதி. எங்கே? ஹோஸ்களையும் கிளாம்புகளையும் விரலால் தடவினார். ரேடியேட்டரின் ஓரங்களில் விளக்குப் பிடித்துப் பார்த்தார். எஞ்சின் ஆயிலை எடுத்துப் பார்த்தார். தண்ணீர் கலந்திருந்தால் பால் ஊற்றிய தேநீர்போல் தெரியும், அது தெளிவாக இருந்தது. எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டரின் வாய்க்குமேல் நீலத் திரவம் உள்ள ஒரு குழாயை வைத்தார். எரிந்த வாயு கூலண்டில் கலந்திருந்தால் அந்த நீலம் மஞ்சளாகும். அது நீலமாகவே இருந்தது. வெண்புகையும் இல்லை. கடைசியாக வாட்டர் பம்பின் அடியில் கண்ணாடியைக் காட்டினார். அங்கே ஒரு சிறு துளை. அதன் கீழே காய்ந்துபோன இளஞ்சிவப்புத் தடம்.

பம்பின் உள்ளேயிருக்கும் சீல் தேய்ந்துவிட்டது. பம்பும் கூலண்டும் கூலியும் சேர்த்து 6,200 ரூபாய். மறுநாள் விடியற்காலையில் வண்டி தக்காளி ஏற்றிப் புறப்பட்டது.

முதல் பட்டறைக்காரர் ஏமாற்ற எண்ணினார் என்று நான் சொல்லமாட்டேன். ஏற்றத்தில் சூடேறிய எஞ்சினில் ஹெட் கேஸ்கெட் போவது உண்மையிலேயே நடப்பதுதான். அப்படி நடந்திருந்தால் அந்தப் பெரிய தொகையும் நியாயமே. அதைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும். நம் வருத்தம் தொகையைப் பற்றியதல்ல. சோதிக்காமல் தீர்ப்புக் கூறப்பட்டதே, அதுதான் வருத்தம். நீதிமொழிகள் 18:17 இதையே கற்பிக்கிறது: முதலில் பேசுகிறவனுடைய வழக்கு நியாயமாகத் தோன்றும், மற்றவன் வந்து ஆராயும்போதுதான் உண்மை தெரியும்.

விசுவாசிகளில் சிலர், கேள்வி கேட்பது அன்புக்கு விரோதம் என்று எண்ணிக் கேட்ட தொகையைக் கொடுத்துவிடுகிறார்கள். பிரியமானவர்களே, தாழ்மையோடு கேட்கும் கேள்வி சந்தேகமாகாது. எந்தச் சோதனையில் இந்தப் பழுது தெரிந்தது? உதிரிபாகத்தின் விலை எவ்வளவு, கூலி எவ்வளவு? எழுத்தில் தருவீர்களா? கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா? நேர்மையான தொழிலாளி இவற்றுக்கு மகிழ்ந்து பதில் சொல்வார். 2020-இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, செய்த வேலைக்கு ரசீது தர மறுப்பது முறையற்ற வணிகம். சொந்த உழைப்பால் பிழைப்பதற்காக வண்டி ஓட்டுகிறவரும் அச்சட்டத்தின்கீழ் நுகர்வோரே. வழி தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் கேட்டறியலாம்.

மறுபக்கமும் ஓர் ஆபத்து உண்டு. செலவுக்கு அஞ்சி ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டிக் கசிவை அடைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நடுவழியில் வீடு திரும்ப அது உதவலாம். அதையே வைத்தியமாகக் கொண்டால் நுண்ணிய குழாய்கள் அடைபட்டு எஞ்சினே கெடும். எசேக்கியேல் 13-ஆம் அதிகாரத்தில், பலமற்ற சுவருக்குச் சாரமற்ற சாந்தைப் பூசினவர்களைக் கர்த்தர் கண்டிக்கிறார். மழை வந்தபோது சுவரும் விழுந்தது, பூச்சும் காணாமற்போயிற்று.

பட்டறை நடத்தும் சகோதரரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தின் முடிவை வாசியுங்கள். அந்நியனை ஒடுக்கக் கூடாது என்ற கட்டளையும், தராசும் படிக்கற்களும் சரியாயிருக்க வேண்டும் என்ற கட்டளையும் அடுத்தடுத்து நிற்கின்றன. எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். அத்திப்பள்ளிக்கு அப்பால் பழுதாகி நிற்கும் தமிழ்நாட்டு வண்டிக்காரரும், ஓசூரில் நிற்கும் கர்நாடக வண்டிக்காரரும் அந்நியரே. மொழி தெரியாது, விலை தெரியாது, வேறு போக்கிடமும் இல்லை. அந்த நேரத்தில் உங்கள் நாவில் வரும் தொகையே உங்கள் தராசு. சாமுவேல் தன் முதிர்வயதில் ஜனங்கள்முன் நின்று, யாருக்காவது அநியாயம் செய்தேனா என்று கேட்டான். ஒருவரும் அவனைக் குற்றஞ்சாட்டவில்லை. உங்கள் பட்டறை வாசலில் நின்று நீங்களும் அப்படிக் கேட்கக் கூடுமானால், அதுவே உங்கள் சாட்சி.

இறுதியாக, அந்தப் பம்பின் அடியிலிருந்த சிறு துளையைக் குறித்து யோசித்துப் பாருங்கள். அது தேய்மானத்தால் உண்டானதல்ல. உள்ளேயிருக்கும் சீல் கெடத் தொடங்கியதை வெளியே காட்டும்படி, பம்பைச் செய்தவர்களே விட்டுவைத்த வழி. அதை அடைத்துவிட்டால் சொட்டு நிற்கும், அழிவு நிற்காது. நம்மைச் செய்தவரும் நமக்குள் அப்படியொரு வழியை வைத்திருக்கிறார். காரணமற்ற எரிச்சல், வாடிப்போன ஜெபவேளை, உறங்கவிடாத மனச்சாட்சி ஆகியவை உள்ளே ஏதோ தேய்கிறது என்று காட்டும் சிறு சொட்டுகள். அவற்றை அடைக்காதிருப்போம். பிறருடைய வாழ்வில் அத்தகைய சொட்டைக் காணும்போது, "இந்தக் குடும்பம் அவ்வளவுதான்", "இந்தப் பிள்ளை இனித் தேறாது" என்று 68,000 ரூபாய்த் தீர்ப்பை எழுதாதிருப்போம். நம் பிரதான ஆசாரியர் இடிக்க விரைகிறவர் அல்லர். உள்ளே வந்து பார்க்கிறார், பொறுக்கிறார், மறுபடியும் வருகிறார், பழுதான கல்லை மாற்றுகிறார். சுத்தமானதைச் சுத்தம் என்று அறிவிக்கவும் செய்கிறார்.

ஜெபம்: எங்கள் உள்ளத்தை ஆராய்கிற ஆண்டவரே, எங்களில் கசியும் இடத்தை எங்களுக்குக் காட்டும். பிறரை நிதானித்து அறியும் பொறுமையையும், எங்கள் கைவேலையில் உண்மையையும் தாரும். இன்று வழியில் பழுதாகி நிற்கும் ஒவ்வொரு ஓட்டுநருக்கும் ஒரு நேர்மையான மனிதரைச் சந்திக்கச் செய்யும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.