ஆலங்குளத்தில் நைட் லைஃப்!

'நைட் லைஃப்' என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? கலர் விளக்கு, காதைப் பிளக்கிற மியூஸிக், கையில் கோப்பை, மறுநாள் காலையில் தலைவலி... அதானே?

எனக்கு ஆலங்குளம் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள். தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் இல்லை, விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். வெம்பக்கோட்டைப் பக்கம். கரிசல் காடு, சிமென்ட் ஆலை, சுற்றிலும் பட்டாசு.

அதற்கு முன்னால் ஒரு தீவுக்குப் போய்விட்டு வந்துவிடலாம். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு டேரன் சமியைத் தெரிந்திருக்கும். 2012-லும் 2016-லும் வெஸ்ட் இண்டீஸுக்கு டி-20 உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த கேப்டன். அவர் ஊர் செயின்ட் லூசியா. மொத்த ஜனத்தொகையே இரண்டு லட்சத்தைத் தொடாத குட்டித் தீவு. அங்கே குரோஸ் ஐலெட் என்று கடலோரத்தில் ஒரு மீனவர் ஊர். வெள்ளிக்கிழமை ராத்திரி வந்தால் தெருவில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். ரோட்டோரத்திலேயே கரியடுப்பு மூட்டி மீனையும் கோழியையும் வாட்டுவார்கள். ஆளுயர ஸ்பீக்கர் அலறும். ஊர்க்காரர்களும் டூரிஸ்ட்டுகளும் நடுத்தெருவில் ஆடுவார்கள். வாசலில் தடித்தடியாக நாலு பேர் நின்று 'ஷூ போட்டிருக்கியா?' என்று கேட்கிற கதையெல்லாம் இல்லை. தெருவுக்கு ஏது வாசல்? அடுப்படியில் நிற்பதும் பெண்கள், ஆடுவதும் பெண்கள்.

பி.காம். படித்தவன் என்பதால் எதைப் பார்த்தாலும் வரவு செலவு போட்டுப் பார்க்கிற புத்தி எனக்கு. இந்தக் கொண்டாட்டத்துக்கு முதலீடு என்ன? கையில் கொஞ்சம் வாரக் கூலி, பகலெல்லாம் உழைத்துச் சலித்த உடம்பு, ஒரு தெரு. இந்த மூன்றும் எங்கள் பக்கம் தாராளமாக இருக்கிறதே!

பட்டாசுக்காரர்கள் சங்கதி ஒரு வேடிக்கை. ஊர் உலகத்தின் ராத்திரியை ஜொலிக்க வைக்கிற சரக்கைச் செய்கிறவர்கள் ராத்திரியில் அதைத் தொடக்கூடாது. மருந்து கலப்பது, திரி வைப்பது எல்லாம் பகல் வெளிச்சத்தில்தான். சாயங்காலமானால் ஆலை வண்டி ஆட்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விடும். அதற்கப்புறம் ராத்திரி அவர்களுடையது.

சிமென்ட் ஆலை நேர் எதிர். 1970-ல் உற்பத்தி தொடங்கிய அரசு ஆலை. நான் பார்த்த தொண்ணூறுகளில் மூணு ஷிஃப்ட் ஓடியது. சூளையை நினைத்த நேரத்தில் அணைத்து, நினைத்த நேரத்தில் பற்ற வைக்க முடியாது. அதனால் ராத்திரி ஷிஃப்ட். ராத்திரி ஷிஃப்ட் இருந்தால் ராத்திரி டீக்கடை. டீக்கடை இருந்தால் அரசியல் இல்லாமலா?

சனிக்கிழமை கூலி போட்டதும் பார்க்க வேண்டும். செகண்ட் ஷோவுக்கு ஒரு கூட்டம், பரோட்டாக் கடைக்கு ஒரு கூட்டம். எங்கள் மாவட்டத்து எண்ணெய் பரோட்டாவை நீங்கள் சாப்பிட்டதில்லை என்றால் இந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள். எண்ணெயில் முறுகப் பொரித்து, இலையில் நொறுக்கிப் போட்டு, அது ஊறி நமுத்துப் போவதற்குள் சால்னாவை ஊற்றி அடிக்க வேண்டும். ராத்திரி 11 மணிக்கு அந்த வாசனை தெருமுனை வரைக்கும் வந்து கையைப் பிடித்து இழுக்கும்.

எல்லாம் சரி, இந்தக் கூட்டத்தில் எத்தனை பெண்கள்?

ஒருத்தர்கூட இல்லை. பட்டாசு ஆலைகளில் கட்டுக் கட்டாகத் திரி வைக்கிறவர்கள், பெட்டி போடுகிறவர்களில் பெண்கள்தான் ஏராளம். என் சித்தியும் அப்படி வேலைக்குப் போனவர்தான். அதே வண்டியில் வந்து இறங்குவார். கையில் ஒட்டிய அலுமினியப் பவுடரைத் தேய்த்துக் கழுவிவிட்டு உலை வைப்பார். ராத்திரி குழாயில் தண்ணீர் வரும்வரை குடத்தை வரிசையில் போட்டுக் காத்திருப்பார். பரோட்டா அவருக்குப் பார்சலாக வரும், ஆறிப்போய்!

அவர்களுக்கும் ராத்திரி திறக்கிற நாள் உண்டு. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல். கொதிக்கிற அக்கினிச் சட்டியை வேப்பிலையோடு ஏந்திக்கொண்டு பெண்கள் தெருத் தெருவாக வருவார்கள். பக்கத்தில் பொருட்காட்சி. ராட்டினத்தில் உட்கார்ந்து வீல் வீலென்று கத்துகிற அத்தைமார்களை அன்றைக்குத்தான் பார்க்கலாம். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன். அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் சேர்கிற இடம். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தெல்லாம் ராவோடு ராவாக நடந்தே போவார்கள்.

ஒருமுறை சித்தியிடம் கேட்டேன். ''ராத்திரி பூரா நடக்கீகளே, கால் வலிக்காதா சித்தி?''

''வலிக்கத்தான் செய்யும். ஆனா அன்னைக்கு ஒரு ராத்திரிதான, எங்க போறன்னு யாரும் கேக்க மாட்டாக!''

சாமி பெயரைச் சொன்னால்தான் ராத்திரி கிடைக்கும் என்பது நம்ம ஊர் ஏற்பாடு. இந்த ஏற்பாடு கரீபியன் வரைக்கும் கப்பலேறியிருக்கிறது. செயின்ட் லூசியா இருக்கிற அதே தீவு வரிசையில் குவாதலூப் என்று பிரெஞ்சுக்காரர்களுடைய தீவு. 1854 டிசம்பரில் 'ஒரேலி' என்ற கப்பல் நம் ஆட்களைக் கரும்புத் தோட்டக் கூலிகளாக அங்கே கொண்டுபோய் இறக்கியது. பாஷை போய்விட்டது, மாரியம்மன் போகவில்லை. 'மாலியேமென்' என்று கும்பிடுகிறார்கள். மதுரை வீரனும் உண்டு. தமிழ்க் கதைகளை விடிய விடிய ஆடிப் பாடுகிற கூத்தும் அங்கே இருந்திருக்கிறது.

நம் அரசாங்கமும் ராத்திரியைத் திறந்துவிட்டுப் பார்த்தது. 10 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கிற கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-ல் உத்தரவு போட்டது. அதில் ஒரு ஷரத்து... பெண் ஊழியரை ராத்திரி 8 மணிக்கு மேல் வேலை வாங்க வேண்டுமானால் அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். நல்ல எண்ணம்தான், குறை சொல்லவில்லை. ஆனால், யாருக்குப் பயந்து அந்த ஷரத்து போடப்பட்டதோ, அந்த ஆண்கள் ராத்திரி தெருவில் நிற்க எந்தக் காகிதமும் தர வேண்டியதில்லை பாருங்கள்!

போன தடவை ஊருக்குப் போனபோது குரோஸ் ஐலெட் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை செல்போனில் சித்திக்குக் காட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். அடுப்பு, புகை, ஸ்பீக்கர், இடுப்பில் கை வைத்து ஆடுகிற வயசான அம்மா ஒருத்தர்.

''இது எந்த ஊர்ப் பொங்கல்யா?''

''பொங்கலெல்லாம் இல்ல சித்தி. அங்க வாராவாரம் வெள்ளிக்கிழமை இப்படித்தான்.''

''கோயில் இல்லாமயா?''

''இல்லாமத்தான்.''

சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. ''அந்தப் பொம்பளைய இன்னொருக்கா காட்டு'' என்றார்.