கம்பம் எட்டாத வீட்டுக்கு ஒரு சோலார் கணக்கு

மின்வாரியக் கம்பியோடு தொடர்பில்லாத வீட்டுக்குச் சோலார் போடுவதும், இணைப்புள்ள வீட்டு மாடியில் சோலார் போடுவதும் ஒரே வேலை அல்ல. பேனல் அதேதான், கணக்கு வேறு. இணைப்புள்ள வீட்டில் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் போதும். சித்திரையில் மிஞ்சுவது கம்பி வழியே வெளியே போகும், ஐப்பசியில் குறைவது அதே கம்பி வழியே உள்ளே வரும். இணைப்பில்லாத வீட்டுக்கு அப்படிக் கைகொடுக்க யாரும் இல்லை. ஆண்டில் எந்த வாரம் மிக மோசமோ, அந்த வாரத்துக்குத்தான் கணக்குப் போட வேண்டும். அதில் தேறிவிட்டால் மற்ற வாரங்களைப் பற்றிக் கவலையில்லை.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்துக்குப் பிறகு, சோலார் என்றாலே ‘எத்தனை கிலோவாட்?’ என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அந்தத் திட்டத்தின் மானியம் பொதுவாக இணைப்புள்ள வீடுகளுக்கானது. கம்பம் எட்டாத தோட்டத்து வீட்டுக்காரரும் அதே கேள்வியோடுதான் வருகிறார். நல்ல தொழிலாளி அதற்கு உடனே பதில் சொல்வதில்லை. அவர் கணக்கில் அது வெகுநேரம் கழித்து வரும் விடை. முதலில் அவர் சமையலறைக்குப் போகிறார்.

பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தென்னந்தோப்புகளுக்கு நடுவே தள்ளிக் கட்டிய வீடுகளில் இந்த வேலையை அடிக்கடி பார்க்கலாம். வீட்டுக்கு வருபவர் பெரும்பாலும் வயரிங் தொழிலிலிருந்து சோலாருக்கு மாறியவர். கையில் கிளாம்ப் மீட்டர், சட்டைப் பையில் மடித்த நோட்டு. உடுமலைக்குத் தெற்கே ஒரு வீட்டில் லோடு லிஸ்ட் எழுதப்பட்ட விதம் இது:

“ஏனுங்கக்கா, மிக்ஸி ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடும்?”

“ரெண்டு சட்னிதானுங்க. அஞ்சு நிமிசம்.”

“மசாலா?”

“அதுக்கு ஒரு அஞ்சு.”

“விருந்தாளி வந்தா?”

அந்த அம்மா சிரித்துவிட்டார். நோட்டில் கால் மணி நேரம் என்று ஏறியது. வீட்டார் சொல்வதோடு பாதி கூட்டி எழுதுவது இந்தத் தொழிலில் பழகியவர்களின் வழக்கம். யாரும் பொய் சொல்வதில்லை. யாரும் கடிகாரம் பார்த்து மிக்ஸி ஓட்டுவதும் இல்லை.

பட்டியல் இப்படி வந்தது. 9 வாட் எல்.இ.டி பல்பு ஆறு, 5 மணி நேரம்: 270 வாட்-மணி. மின்விசிறி மூன்று, 10 மணி நேரம். வீட்டில் இருந்தவை 75 வாட் பழைய விசிறிகள். அப்படியே எழுதினால் 2,250 வருகிறது. 30 வாட் பி.எல்.டி.சி விசிறியாக மாற்றினால் 900. மொத்த வேலையிலும் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் மிச்சம் வேறு எதுவும் இல்லை. விசிறியை மாற்றாமல் பேனலைக் கூட்டச் சொல்பவர் வியாபாரிதான், தொழிலாளி அல்ல. டி.வி 200. சிறிய பிரிஜ்ஜின் லேபிளில் ஆண்டுக்கு 200 யூனிட்டுக்குள் என்று போட்டிருந்தாலும், கோடையில் கதவைத் திறந்து மூடும் வீட்டில் நாளுக்கு 700 என்று வைப்பது நல்லது. 750 வாட் மிக்ஸிக்கு 190, மாவாட்டும் நாளில் கிரைண்டருக்கு 110, செல்போன் சார்ஜர்களுக்கும் மோடத்துக்கும் 150. ஆகக் கூட்டினால் 2,520.

இஸ்திரிப் பெட்டி, வாட்டர் ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு மூன்றும் பட்டியலில் ஏறவில்லை. சூடேற்றும் எதையும் பேட்டரியில் ஓட்டக் கூடாது என்பது இந்தத் தொழிலில் எழுதாத சட்டம். தண்ணீர் மோட்டாரையும் கழற்றிவிட்டார்கள். அரை எச்.பி மோட்டார் ஓடும்போது 600 வாட் அளவில்தான் இழுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப் போல ஐந்தாறு மடங்கு கேட்கும். அந்த ஒரு நொடிக்காக இன்வெர்ட்டரைப் பெரிதாக்குவதைவிட, பேட்டரியே இல்லாமல் தனிப் பேனலில் பகலில் ஓடும் டி.சி பம்பை வைத்துத் தொட்டியை நிரப்பிக்கொள்வது மேல். தண்ணீரைச் சேமிக்கத் தொட்டி போதும், பேட்டரி வேண்டியதில்லை.

பட்டியலில் பெரும்பாலும் விட்டுப்போவது இன்வெர்ட்டரின் சொந்தச் செலவு. எதையும் ஓட்டாமல் சும்மா இருக்கும்போதே அது 30 முதல் 50 வாட் வரை தின்னும். 40 என்று வைத்தாலும் 24 மணி நேரத்தில் 960 வாட்-மணி. இந்த வீட்டின் மூன்று விசிறிகளும் சேர்ந்து தின்பதைவிட அதிகம். தேவைக்கு மேல் பெரிய இன்வெர்ட்டர் வாங்குபவர் இதைத்தான் தினமும் கட்டிக்கொண்டிருக்கிறார். இதையும் சேர்த்தால் நாளுக்குச் சுமார் 3.5 யூனிட்.

இனி வெயில். பகலெல்லாம் ஏறி இறங்கும் வெயிலை, சதுர மீட்டருக்கு 1,000 வாட் என்ற உச்ச வெயில் எத்தனை மணி நேரம் அடித்ததற்குச் சமம் என்று மாற்றிச் சொல்வது வழக்கம். தமிழ்நாட்டில் ஆண்டுச் சராசரி 5 மணிக்கு மேல். விற்பனைத் தாள்களில் இருப்பது இந்த எண். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இது 4-க்குக் கீழே இறங்கும். பொள்ளாச்சிப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியிலும் மேகமும் சாரலும் நுழையும். எனவே 3.5 என்று எடுத்துக்கொண்டார்கள். பேனலில் எழுதியிருக்கும் வாட், செல்லின் சூடு 25 டிகிரி இருக்கும்போது ஆய்வுக்கூடத்தில் அளந்தது. நண்பகலில் செல் 60 டிகிரிக்குப் போகும், டிகிரிக்கு 0.35 விழுக்காடு வீதம் 12 விழுக்காடு அங்கேயே போய்விடும். தூசி, கம்பி, பேட்டரியில் போட்டு எடுப்பது, இன்வெர்ட்டர் மாற்றுவது என்று ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்த பிறகு மிஞ்சுவது 65 விழுக்காடு என்று வைப்பது நடைமுறை. 3.5 யூனிட்டை 3.5 மணியாலும் 0.65-ஆலும் வகுத்தால் 1.54 கிலோவாட். 540 வாட் பேனல் மூன்று போட்டால் 1,620. கணக்கு சரியாக அமைந்துவிட்டதுபோல் தெரிகிறது.

இந்த இடத்தில்தான் அனுபவம் இல்லாதவர் மாட்டிக்கொள்வார். வாட் கணக்கு ஒத்துவந்தாலும் வோல்ட் கணக்கு ஒத்துவர வேண்டும். 540 வாட் பேனலின் திறந்த வோல்டேஜ் 49 வோல்ட்டுக்குச் சற்று மேல். வேலை செய்யும்போது 41 அளவு. மூன்றையும் தொடராகச் சேர்த்தால் 148 வோல்ட் வரும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே வைக்கும் எம்.பி.பி.டி சார்ஜ் கன்ட்ரோலர்களில் சந்தையில் அதிகம் கிடைப்பதன் தாங்கு எல்லை 150. தப்பித்துவிட்டோம் என்று தோன்றும். ஆனால் குளிர்ந்தால் வோல்டேஜ் ஏறும். மார்கழி விடியலில் 15 டிகிரி இருந்தாலே 152. உதகை, கொடைக்கானல் குளிரில் 155-ஐத் தாண்டும். வெயிலில் நன்றாக ஓடிய கன்ட்ரோலர் ஒரு பனிக்காலைச் சூரிய உதயத்தில் செத்துப்போவதன் காரணம் இதுதான். மூன்றையும் இணையாகச் சேர்த்தால் 41 வோல்ட்தான். இந்த வீட்டுக்குத் திட்டமிட்ட 48 வோல்ட் பேட்டரி அதில் ஏறாது. இரண்டிரண்டாகத் தொடராகச் சேர்க்கலாம் என்றால் மூன்றாவது தனித்து நிற்கிறது.

மீதி இருப்பது இரண்டு வழி: பேட்டரியை 24 வோல்ட்டுக்கு இறக்கி மூன்றையும் இணையாக வைப்பது, அல்லது நான்காவது பேனல் வாங்கி இரண்டு ஜோடியாக்குவது. எது சரி என்பதைச் சொன்னது கம்பி. தென்னை நிழல் விழாத இடம் தேடிப் போனதில், பேனல் நிற்கும் இடத்துக்கும் வீட்டுக்கும் 20 மீட்டர் வந்துவிட்டது. போக வர 40 மீட்டர். வழக்கமான 4 சதுர மி.மீ. சோலார் கேபிளில் அந்தத் தூரத்துக்கு 0.2 ஓம் தடை. மூன்று பேனல் இணையாக 39 ஆம்பியர் அனுப்பினால் வழியிலேயே 7.8 வோல்ட் போய்விடும். 41-இல் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அது. போதாததற்கு அந்தக் கேபிளும் சுடும். நான்கு பேனல், இரண்டு ஜோடி என்றால் 83 வோல்ட்டில் 26 ஆம்பியர். அதற்கும் 4 சதுர மி.மீ. போதாது, 10 சதுர மி.மீ. போட்டால் இழப்பு இரண்டரை விழுக்காட்டுக்குள் அடங்கும். நான்கு பேனல் என்று முடிவானது. கோடையில் அந்த நான்காவது பேனலின் மின்சாரம் பெரும்பாலும் வீண்தான். கம்பியில்லா வீட்டில் அந்த வீணைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். மூடிய வானத்தில் அதே பேனல்தான் விளக்கைக் காப்பாற்றும்.

நிழல் விஷயத்தில் இந்தத் தொழிலாளர்கள் காட்டும் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. பேனலுக்குள் செல்கள் தொடராக இருப்பதால், ஒரு தென்னங்கீற்றின் நிழல் சில செல்கள் மேல் விழுந்தாலே அந்தப் பகுதி முழுக்க அடங்கிவிடும்; பைபாஸ் டையோடு அதை ஒதுக்கி மற்றதை ஓடவிடும், அவ்வளவே. காலை ஒன்பது மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் நிழல் எங்கே விழுகிறது என்று இருமுறை வந்து பார்த்துவிட்டுத்தான் குழி தோண்டச் சொல்கிறார்கள். சாய்வு தெற்குப் பார்த்து 10 முதல் 15 டிகிரி. அட்சரேகைக்கு இது போதும்; மழைத் தண்ணீர் தூசியைக் கழுவிக்கொண்டு இறங்கவும் வேண்டும். ஸ்டாண்டை அடிக்கும் வெல்டிங்காரருக்குச் சாய்வைவிட ஆடிக் காற்று பெரிய விஷயம். பேனல் கீழிருந்து காற்றை வாங்கினால் ஸ்டாண்டையே பிடுங்கிக்கொண்டு போகும் என்பதால் ஜி.ஐ. பைப்பைக் கான்கிரீட்டில் ஆழ இறக்குகிறார். கொங்கு நாட்டில் இன்னொரு தொல்லை மயில். அது உட்கார்ந்து எழுந்துபோன இடத்தில் எச்சம் காய்ந்து ஒட்டிக்கொண்டால் மழை கழுவாது; வீட்டார்தான் ஏறித் துடைக்க வேண்டும், ஆகவே பேனலைச் சுற்றி ஆள் நிற்க இடம் விடுகிறார்கள்.

அடுத்தது பேட்டரி, பணம் அதிகம் போவதும் ஏமாற்று அதிகம் நடப்பதும் இதில்தான். வீட்டு யு.பி.எஸ்ஸுக்கு விற்கும் 150 ஏ.எச். பேட்டரியின் அளவு, பெரும்பாலும் 20 மணி நேரத்தில் மெல்லக் காலிசெய்து அளந்தது. சோலாருக்கு என்று செய்யும் சி10 டியூபுலர் 10 மணி நேரத்தில் அளந்தது. எண் ஒன்றாக இருந்தாலும் சரக்கு ஒன்றல்ல. ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் போகும். 3.5 யூனிட்டுக்கு இன்வெர்ட்டர் மாற்றுவதில் வரும் இழப்பைச் சேர்த்தால் 3.9, பாதிதான் எடுக்கலாம் என்றால் 7.8 யூனிட் கொள்ள வேண்டும். 12 வோல்ட் 150 ஏ.எச். நான்கு 7.2-தான், 200 ஏ.எச். நான்கு 9.6. வெயிலே வராத ஒரு நாளை இது தாங்கும். மேகத்திலும் பேனல் கொஞ்சம் தரும் என்பதால் இரண்டு நாளையும் சமாளிக்கும்.

இன்னும் நான்கு பேட்டரி சேர்த்தால் நான்கு நாள் ஓடுமே என்று வீட்டுக்காரர் கேட்டார். கேட்கத் தோன்றும், ஆனால் தவறு. பேட்டரியைக் கூட்டிப் பேனலைக் கூட்டாவிட்டால் எந்த நாளும் முழுதாக ஏறாது. அரைகுறையாகவே நிற்கும் ஈயத் தகட்டில் சல்பேட் இறுகிக்கொள்ளும். கம்பியில்லா வீடுகளில் பேட்டரி சாவது அதிகமும் இந்தப் பட்டினியால்தான். ஏறும் மின்னோட்டமும் ஏ.எச். அளவில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்க வேண்டும். 200-க்கு 20 ஆம்பியர். கன்ட்ரோலரில் 25-ஐத் தாண்டாதபடி அமைத்துவிட்டார்கள்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் 51.2 வோல்ட் 100 ஏ.எச். பெட்டி ஒன்றே 5.12 யூனிட் கொள்ளும். 85 விழுக்காடு எடுத்தால் 4.35, தேவைக்குப் போதும். அரைகுறைச் சார்ஜ் அதை வதைக்காது, தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. விலை கூடுதல். உள்ளிருக்கும் காவல் மின்சுற்று பழுதானால் உள்ளூரில் திறந்து பார்க்க ஆள் கிடைப்பது அரிது. அதையும் எடைபோட்டுத்தான் அந்த வீட்டுக்காரர் டியூபுலரே போதும் என்றார். வயதான இருவர் மட்டும் இருக்கும் வீடாக இருந்திருந்தால் லித்தியமே பொருத்தம். மாதாமாதம் குனிந்து காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டுமே.

இன்வெர்ட்டர் தேர்வு எளிது. மிக்ஸி, பிரிஜ், கிரைண்டர், விசிறி எல்லாம் ஒன்றாக ஓடினாலும் 1,300 வாட்டுக்குள். பிரிஜ் கிளம்பும் இழுப்பைச் சேர்த்தாலும் 2 கே.வி.ஏ. போதும். ஆனால் 48 வோல்ட்டில் கடையில் எளிதாகக் கிடைப்பது பெரும்பாலும் 3 கே.வி.ஏ. என்பதால் அதையே எடுத்தார்கள். சுத்த சைன் அலை என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. இல்லாவிட்டால் விசிறி முனகும், பிரிஜ் கம்ப்ரசர் சூடேறும்.

வேலையின் தரம் தெரிவது மூட்டுகளில். எம்.சி.4 கனெக்டரின் ஊசியை அதற்கான கிரிம்பிங் கருவியில் வைத்து அழுத்தி, பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு உறைக்குள் தள்ளுகிறார் உதவியாள். ‘டிக்’ என்று கேட்டால்தான் அடுத்தது. கட்டிங் பிளேயரில் நசுக்கியும் மாட்டலாம், அன்றைக்கு விளக்கு எரியும். ஆறு மாதத்தில் அந்த மூட்டு சூடேறி உருகும். டி.சி பக்கத்துக்கு டி.சி எம்.சி.பி.தான் வேண்டும். ஏ.சி மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் அதில் எழும் தீப்பொறி தானே அணையும், டி.சி-யில் அந்த இடைவெளி இல்லை, சாதாரண எம்.சி.பி. உள்ளே எரிந்துகொண்டே இருக்கும். ஐப்பசி இடிக்கு, கரியும் உப்பும் போட்ட எர்த் குழியும் சர்ஜ் தடுப்பானும்.

ஓடத் தொடங்கிய பிறகு வீட்டார் பார்க்க வேண்டியது அதிகம் இல்லை. மசாலா அரைப்பது, மாவாட்டுவது போன்றவற்றைப் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையே வைத்துக்கொண்டால் மின்சாரம் பேட்டரியைத் தொடாமலே ஓடிவிடும். வெயில் நன்றாக அடித்த நாளின் மாலையில் ஹைட்ரோமீட்டரில் அமில அடர்த்தி 1.240-ஐ ஒட்டி இருக்க வேண்டும். நான்கில் ஒன்று மட்டும் பின்தங்கினால் அதை உடனே கவனிக்க வேண்டும், மற்ற மூன்றையும் அது இழுத்துவிடும். ஆயுள் முடிந்த ஈய பேட்டரியைக் கடைக்காரர் எடைபோட்டு, புதியதன் விலையில் கழித்துக்கொள்கிறார். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளர் மேல் சுமத்தும் பொறுப்பு ஈயத்துக்கும் லித்தியத்துக்கும் பொது. ஆனால் ஈயத்துக்குத் தராசு பக்கத்து ஊரிலேயே இருக்கிறது.